ஸ்பேம் கோப்புறையில் கிடந்த நேர்காணல் அழைப்பு

பதிவு 1

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் மிகவும் எதிர்பார்த்திருந்த ஒரு நேர்காணலுக்கான அழைப்பு, அந்த நேர்காணல் நடந்து முடிந்த நான்காம் நாள்தான் என் கண்ணில் பட்டது. அது ஸ்பேம் கோப்புறையில் கிடந்தது. வேலைவாய்ப்புத் தளம் ஒன்றிலிருந்து நாள்தோறும் வந்த விளம்பர மடல்களை, சந்தாவை விலக்கிக்கொள்ள நேரம் ஒதுக்காமல், மாதக்கணக்கில் ‘ஸ்பேம்’ என்று புகாரளித்தே ஒதுக்கி வந்திருந்தேன். அழைப்பும் அதே தளத்தின் அதே முகவரியிலிருந்துதான் அனுப்பப்பட்டிருந்தது. இன்னும் சில வாரங்கள் நான் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால், அப்படி ஒரு மடல் வந்ததே எனக்குத் தெரிந்திருக்காது; ஜிமெயிலில் ஸ்பேம் கோப்புறைக்குள் போன மடல்கள் 30 நாள்களில் தாமாகவே அழிந்துவிடும்.

அன்றிலிருந்து, வேண்டாத மடல் எதுவானாலும் அதை நான் கேட்டு வாங்கினேனா என்பதை முதலில் பார்க்கிறேன். எப்போதோ நானே பதிவு செய்த கடை, செய்தி மடல் என்றால் ‘அன்சப்ஸ்கிரைப்’ செய்வதே முறை. பெருமளவில் மடல் அனுப்புவோர், தங்கள் விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தரவேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் 2024இல் விதி கொண்டுவந்த பிறகு, இது முன்னைவிட எளிதாகிவிட்டது. மடலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இணைப்பைத் தேடாமல், அனுப்புநர் பெயருக்கு அருகில் அஞ்சல் சேவையே காட்டும் பொத்தானை அழுத்துகிறேன். முன்பின் அறியாதவரிடமிருந்து வரும் மடலில் எந்த இணைப்பையும் தொடுவதில்லை. அங்கே ‘விலக இங்கே அழுத்துக’ என்பதை அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். படங்கள் தாமாகத் திறப்பதையும் இதே காரணத்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பதிவு 2

உங்கள் இழப்பைப் படிக்க வருத்தமாக இருந்தது. எனக்கு நேர்ந்தது வேறு வகை.

ஒரு நாள் காலையில் விழித்துப் பார்த்தபோது, நானூறுக்கும் மேற்பட்ட புதிய மடல்கள் வந்திருந்தன. எனக்குத் தெரியாத பல மொழிகளில், ‘உங்கள் சந்தாவை உறுதிசெய்யுங்கள்’, ‘பதிவு செய்தமைக்கு நன்றி’ என்று வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் உண்மையான தளத்திலிருந்து முறையாக அனுப்பப்பட்டது என்பதால், வடிகட்டி பெரும்பாலானவற்றைத் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து அழிக்கப் போனபோது, அருகிலிருந்த என் தங்கை, “அக்கா, எதையும் அழிக்காதே, முதலில் ‘ஆர்டர்’ என்று தேடிப் பார்” என்றாள். தேடினேன். நான் வழக்கமாகப் பொருள் வாங்கும் இணையக் கடையில், என் கணக்கிலிருந்து, அறியாத ஒரு முகவரிக்குப் பொருள் அனுப்பக் கேட்டதற்கான உறுதிப்படுத்தல் மடல் அந்தக் கூட்டத்தின் நடுவே இருந்தது. அந்த ஒரு மடலை நான் பார்க்கக்கூடாது என்பதற்காகவே, யாரோ என் முகவரியைப் பல தளங்களில் பதிந்து மற்ற நானூறையும் வரவழைத்திருந்தார்கள்.

உடனே ஆர்டரை ரத்து செய்து, வங்கிக்குத் தெரிவித்து, கடவுச்சொற்களை மாற்றி, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கினேன். என் மடல்களை வேறு எங்காவது திருப்பிவிடும் விதி எதையும் யாரேனும் சேர்த்திருக்கிறார்களா என்று அஞ்சல் அமைப்புகளையும் பார்த்தேன், நல்லவேளையாக இல்லை. வெள்ளம் ஓய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை ‘சப்ஸ்கிரைப்’, ‘கன்ஃபர்ம்’ போன்ற சொற்கள் உள்ள மடல்கள் தனிக் கோப்புறைக்குப் போகும்படி ஒரு விதி எழுதினேனே தவிர, எதையும் பார்க்காமல் அழிக்கவில்லை.

பதிவு 3 (முதல் பதிவை எழுதியவர்)

உங்கள் தங்கை சரியான நேரத்தில் தடுத்திருக்கிறார். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, ஒரு வழக்கத்தைச் சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. ஜிமெயில் முகவரியில் பெயருக்குப் பின் கூட்டல் குறியிட்டு ஒரு சொல்லைச் சேர்த்தாலும் மடல் நம்மிடமே வரும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்து வந்ததில், ஒரு தளத்துக்கு மட்டுமே தந்திருந்த முகவரிக்குக் கடன் விளம்பரங்கள் வரத் தொடங்கின. முகவரி எங்கிருந்து கசிந்தது என்பது அப்போதே விளங்கியதால் அந்தக் கணக்கை மூடிவிட்டேன். சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை, அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்புவோரும் உண்டு. ஆகவே வாரம் ஒருமுறை ஸ்பேம் கோப்புறையைத் திறந்து, அனுப்புநர் பெயர்களை மட்டுமாவது மேலிருந்து கீழ்வரை படித்துவிடுகிறேன்.