புதுப்பிப்பு: அம்பாசிடர் டப்பெட் சத்தம் நின்றது

பெங்களூரு அல்சூரிலிருந்து போன மாதம் கேட்டிருந்தேனே, அப்பாவின் 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரில் டப்பெட் (வால்வு நுனிக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் உள்ள இடைவெளி) செட் பண்ணியும் 'டக் டக்' நிற்கவில்லை என்று. நின்றுவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

கை கொடுத்தது 'ஒன்பது கணக்கு' சொன்ன அண்ணன்தான்: 8-வது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1-ஐச் சரிசெய், 6 என்றால் 3-ஐ, கூட்டினால் 9. பிளக்குகளைக் கழற்றி, டாப் கியரில் வண்டியைத் தள்ளியே எஞ்சினைச் சுற்றினேன். இடைவெளி 0.015 அங்குலம்.

அப்புறமும் மூன்றாவது வால்வில் மட்டும் சத்தம். ராக்கரைக் கழற்றி நகத்தால் தடவினால், வால்வு நுனி படும் இடத்தில் குழி! இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு குழிக்குள் இறங்காமல் அதன்மேல் பாலம்போலக் கிடந்து ஏமாற்றியிருக்கிறது. ஜே.சி. ரோட்டில் வேறு ராக்கர் வாங்கிப் போட்டதும் அடங்கியது.

வால்வு மூடிக்கு அடியில் வரும் கார்க் பேக்கிங்கும் கையோடு வாங்கிவிடுங்கள். என்னுடையது அப்பளமாக நொறுங்கியது.