வயல் காவலுக்கு 12 போர் துவக்கு: ஒற்றைக் குழலா, இரட்டைக் குழலா?

உறவுகளுக்கு வணக்கம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கீழ காலபோக வயலில பன்றிக் காவலுக்கு, அனுமதிப்பத்திரத்தோட ஒரு பழைய 12 போர் (bore, குழல் துளையின்ர அளவு) துவக்கு எடுக்க வேணும். இராமுழுக்க வரம்பில கொண்டு திரியிறதால பாரம்தான் முதல் யோசனை. ஒற்றைக் குழல் இரண்டரைக் கிலோ அளவு, இரட்டைக் குழல் பெரும்பாலும் மூன்றுக்கு மேல. ஆனால் பாரம் குறையக் குறையத் தோளில உதை கூடும். உதைக்குப் பயந்து கை இழுத்தால் குறி தப்பும், காயப்பட்ட பன்றி பத்தைக்குள்ள போய்ப் படுத்திடும். அதைத் தேடிப் போறதுதான் பெரிய ஆபத்து.

வாங்கேக்க பார்க்க இருக்கிறது: வெறுந்துவக்கை மடிச்சுப் பூட்டி ஆட்டினால் பிணைச்சல் அசையக்கூடாது. குழலை வெளிச்சத்துக்குப் பிடிச்சால் உள்ளுக்குக் குழி, நெளிவு தெரியக்கூடாது. தோட்டா அறையின்ர நீளம் 65 மில்லிமீற்றரா 70ஆ எண்டு கட்டாயம் அறிய வேணும். 65 அறைக்குள்ள 70 தோட்டாவும் போய்ப் பொருந்தும், ஆனால் வெடிக்கேக்க அதின்ர வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இதை ஆரும் லேசாக எடுக்காதேங்கோ.

கட்டுத்துவக்கு (ஆளில்லாமல் தானா வெடிக்கக் கட்டி வைக்கிற துவக்கு) யோசனை சொல்ல வேண்டாம், அது வழியில போற மனுசரையும் கொல்லும்.

கேட்கிறது இதுதான்: 30 மீற்றருக்குள்ள எஸ்.ஜி. எண்ட பெரிய சன்னத்துக்கு முழுச் சோக் (choke, குழல் வாயின்ர ஒடுக்கம்) நல்லதா, அரைச் சோக்கா? பெரிய சன்னம் இறுக்கமான வாயில நெரிஞ்சு கூடச் சிதறும் எண்டு சொல்லுகினம். மாரி ஈரத்தில குழல் துருப்பிடிக்காமல் என்ன எண்ணெய் பூசுறியள்? பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ.