ஸ்டீல்ஹெட்டுக்குத் தக்கை போட மெயின் லைன் எத்தனை பவுண்ட், லீடர் எத்தனை பவுண்ட்?

ஸ்காபுரோ_தூண்டில்:
வணக்கம். ஒக்டோபர் கடைசியில் இருந்து ஸ்டீல்ஹெட் (கடலிலோ பெரிய ஏரியிலோ வளர்ந்து ஆற்றுக்கு ஏறி வரும் ரெயின்போ ட்ரவுட் மீன்) பிடிக்க ஒன்ராறியோவின் கனரஸ்கா ஆற்றுக்கும் போமன்வில் பக்கமும் போகலாம் என்று இருக்கிறேன். கையில் இருப்பது 13 அடித் தடி, அதில் 6-10 பவுண்ட் நூலுக்கு என்று போட்டிருக்கிறது, 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீல். ஏரியில் பாஸ் பிடிக்கச் சுற்றிய 20 பவுண்ட் தாங்கும் பிரெய்ட் (பின்னல் நூல்) இன்னும் ரீலிலேயே கிடக்கிறது. தெரிந்தவர் ஒருவர் மெயின் (ரீலில் சுற்றும் முக்கிய நூல்) 8, லீடர் (தூண்டில் முள்ளோடு கட்டும் கடைசித் துண்டு நூல்) 4 போதும் என்கிறார், இன்னொருவர் 12க்குக் குறைந்தால் மீன் அறுத்துக்கொண்டு போய்விடும் என்கிறார். இரண்டு பேரும் நன்றாக மீன் பிடிக்கிறவர்கள்தான், அதனால்தான் குழப்பம். லீடரை மெயினை விடக் குறைத்துத்தான் கட்ட வேண்டுமா? ஃபுளோரோகார்பன் நூலுக்கு அந்த விலை கொடுக்கத்தான் வேண்டுமா? இரை சினை, வலைத்துணியில் முடிந்து போடுவேன்.

கனரஸ்கா_அண்ணை:
தம்பி, முதலில் லீடர். அது கட்டாயம் மெயினை விடப் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும், இதில் பேச்சே இல்லை. கல்லிலோ கட்டையிலோ முள் மாட்டினால் எங்கோ ஓரிடத்தில் அறுந்துதானே ஆக வேண்டும். லீடர் மெலிதாக இருந்தால் முள்ளும் ஒரு சாண் நூலும்தான் போகும், தக்கையும் ஈயக்குண்டுகளும் கையில் திரும்பி வரும். இரண்டும் ஒரே பலம் என்றால் சில நேரம் தக்கைக்கு மேலே அறும், அப்போது தக்கை, குண்டு, முள் எல்லாம் சேர்ந்து ஒரு நீள நூலோடு ஆற்றில் மிதந்து போகும். வாத்தும் கொக்கும் அதில் சிக்கிச் சாவதைக் கண்டால் மனம் கேட்காது.

உங்கள் தடிக்கு மெயின் 10 பவுண்ட் மோனோ (சாதாரண ஒற்றை இழை நைலோன் நூல்), லீடர் 6 அல்லது 8. எதைக் கட்டுவது என்பதை ஆற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மழை பெய்து தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தால் 8, நான் 10கூடக் கட்டியிருக்கிறேன், மீனுக்கு நூல் தெரியவே தெரியாது. இரண்டு மூன்று நாளில் தெளிந்து பச்சையாகும், அதுதான் நல்ல நேரம், அப்போது 6. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணும் அளவுக்குத் தெளிந்துவிட்டால் 4 வரை இறங்கலாம், ஆனால் 4ஐ நான் விரும்புவதில்லை. மீனை மெல்ல மெல்ல இழுத்து அது களைத்துச் சாகும் நிலைக்குக் கொண்டு வந்துவிட்டு, பிறகு தண்ணீரில் திரும்ப விடுவதில் என்ன பயன்?

இன்னொன்று, ஒக்டோபரில் சினூக் சமன் (சால்மன்) இன்னும் ஆற்றில் நிற்கும், 20 பவுண்ட் எடை வருகிற மீன். அது நிற்கிற குழியில் 6 பவுண்ட் லீடரோடு நிற்காதீர்கள், வேறு இடம் பாருங்கள்.

பனித்தடி:
அண்ணை சொன்னதில் பெரும்பாலும் எனக்கும் உடன்பாடு, பிரெய்ட் பற்றி மட்டும் நான் சேர்த்துச் சொல்கிறேன். பிரெய்ட் மிதக்கும், மெலிது, 20 பவுண்ட் பிரெய்ட் கிட்டத்தட்ட 6 பவுண்ட் மோனோவின் தடிப்புத்தான், தூரத்தில் தக்கை ஓடும்போது நூலைத் தண்ணீரில் இருந்து தூக்கி மேலே போட நன்றாக இருக்கும். ஆனால் அது கொஞ்சமும் இழுபடாது, மீன் தலையை ஒரு உதறு உதறினால் அந்த அடி முழுக்க லீடருக்குத்தான் போகும். நவம்பர் கடைசியில் குளிர் இறங்கினால் அதன் இழைகளில் தண்ணீர் நின்று தடியின் வளையங்களில் பனிக்கட்டி பிடிக்கும், பிறகு நூல் ஓடாது. மோனோவிலும் பிடிக்கும், ஆனால் குறைவு. ஒரு ஸ்பூலில் (ரீலில் நூல் சுற்றும் உருளையில்) 8 அல்லது 10 மோனோ சுற்றி வையுங்கள், கண்ணுக்குத் தெரிகிற மஞ்சள் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. மெயினின் நிறத்தை மீன் பார்க்காது, உங்களுக்குத்தான் தெரிய வேண்டும்.

ஃபுளோரோகார்பன் விஷயத்தில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஒளிமுறிவு எண் தண்ணீருக்கு 1.33, ஃபுளோரோகார்பனுக்கு 1.42, நைலோனுக்கு 1.5க்கு மேல், ஆகவே தண்ணீரில் குறைவாகத் தெரியும் என்பது உண்மை. தாழும், நைலோன் போலத் தண்ணீர் குடித்துப் பலம் இழக்காது, கல்லில் உரசினாலும் தாங்கும். அதனால் லீடருக்கு மட்டும் வாங்குங்கள், ஒரு சின்ன ஸ்பூல் ஒரு சீசனுக்குக் காணும். மெயினாகச் சுற்றினால் நூல் தண்ணீருக்குள் தாழ்ந்து தக்கையைப் பக்கவாட்டில் இழுக்கும், காசும் வீண். கலங்கிய தண்ணீரில் சாதாரண மோனோ லீடரே போதும்.

ஸ்காபுரோ_தூண்டில்:
இரண்டு பேருக்கும் நன்றி. சரி, 10 மோனோ சுற்றுகிறேன். லீடர் நீளம் எவ்வளவு? மெயினோடு நேராக முடிச்சுப் போடலாமா, சுவிவல் (சுழலும் சின்ன இணைப்பு வளையம்) வேண்டுமா?

கனரஸ்கா_அண்ணை:
சின்ன சுவிவல் போடுங்கள், 10 அல்லது 12 நம்பர். இரை சுழன்றாலும் நூல் முறுக்கேறாது, லீடர் மாற்றுவதும் சுலபம். கலங்கலில் ஒன்றரை அடி, தெளிவில் இரண்டரை, மூன்று அடி. பெரிய ஈயக்குண்டுகளை மெயினிலேயே வையுங்கள், லீடரில் அழுத்தி நெரித்தால் அந்த இடம் நசுங்கும், அங்கேதான் அறும்.

வெடர்_ஆற்றுக்காரன்:
நான் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறேன். அந்த 12 பவுண்ட் ஆள் இந்தப் பக்கத்து ஆற்றில் பழகியவராக இருக்கலாம். வெடரில் தண்ணீர் வேகம், மீன் 10 பவுண்டுக்கு மேல் சாதாரணமாக வரும், இங்கே மெயின் 15, லீடர் 10 அல்லது 12 என்பதுதான் வழக்கம். காட்டு ஸ்டீல்ஹெட்டைக் கட்டாயம் விட வேண்டும், முதுகின் பின்புறம் இருக்கும் சின்னக் கொழுப்புச் செட்டை வெட்டப்பட்ட வளர்ப்பு மீனை மட்டும்தான் வைத்திருக்கலாம். விடப்போகிற மீனைச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் பலமான லீடர் தேவை. உங்கள் சின்ன ஆறுகளுக்கு அது அதிகம்.

பலத்தை விட முடிச்சைக் கவனியுங்கள். 8 பவுண்ட் என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் உலர்ந்த நூலில் அவசரமாக இழுத்த முடிச்சு சூடேறிச் சுருண்டு அதில் பாதிப் பலம்கூடத் தராது. எச்சிலால் நனைத்து, மெதுவாக, சுற்றுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்று படியும்படி இழுத்து, பிறகு கையில் சுற்றி ஒரு தடவை பலமாக இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு மாட்டலுக்கும் பிறகு முள்ளுக்கு மேலே ஒரு அடி நூலை விரலுக்கும் நகத்துக்கும் இடையில் ஓட்டுங்கள், சொரசொரப்புத் தட்டினால் யோசிக்காமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். டிராக்கை (மீன் இழுத்தால் ரீல் நூலை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை) லீடரின் பலத்தில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள், 6 பவுண்ட் லீடர் என்றால் 2 பவுண்டுக்கு மேல் வேண்டாம், மிச்சத்தை அந்த 13 அடித் தடி வளைந்து பார்த்துக்கொள்ளும்.

பனித்தடி:
ஸ்பூலில் அடியில் கொஞ்சம் பழைய நூலைச் சுற்றிவிட்டு மேலே 150 யார் (கஜம்) நீளத்துக்குப் புது மோனோ சுற்றினால் போதும். வசந்தத்துக்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.