மறு: சூப்பர்காலனிக்கு ‘ஒருங்குடி’ பொருந்துமா?

வணக்கம். பரந்த நிலப்பரப்பில் பல கூடுகளில் வாழ்ந்தும் ஒன்றையொன்று பகைக்காத எறும்புக் குடியை ஆங்கிலத்தில் ‘சூப்பர்காலனி’ (supercolony) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘ஒருங்குடி’ என்று நான் முன்வைத்தபோது வந்த மாற்று யோசனைகளுக்கு இது என் பதில்.

> ‘மாபெரும் எறும்புக்கூட்டம்’ என்றே எழுதலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். இங்கே முக்கியம் எண்ணிக்கை இல்லை, பகையின்மை. பொதுவாக அடுத்த கூட்டுக்குள் நுழையும் எறும்பை அந்தக் கூட்டு எறும்புகள் உடல் வாடையை வைத்தே வேற்றாள் என்று கண்டுபிடித்துக் கடித்துக் குதறிவிடும். கலிபோர்னியாவில் குடியேறிய அர்ஜென்டினா எறும்பு அப்படியில்லை. தெற்கே சான் டியேகோவில் பிடித்ததை வடக்கே வெகுதொலைவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள கூட்டில் விட்டாலும் பெரும்பாலும் சண்டை வராது. தங்களுக்குள் அடித்துக்கொள்ளாததால் மிஞ்சும் பலமெல்லாம் மற்ற எறும்பினங்கள் மேல் திரும்புகிறது.

நகரம்தான் இதற்கு வழிவிட்டது. வறண்ட புதர்க்காட்டுக்குள் இந்த எறும்பு அதிக தூரம் போகாது, அதற்கு ஈரம் வேண்டும். வீட்டுமனைகள் காட்டைத் துண்டுபோட்டு, புல்தரைக்குத் தண்ணீரும் பாய்ச்சியபோது ஓரங்களில் நுழைந்துவிட்டது. விதை சேர்க்கும் உள்ளூர் எறும்புகள் அங்கிருந்து மறைந்தன, அவற்றைத் தின்று வாழ்ந்த கொம்புப் பல்லிக்கு இரையும் போயிற்று.

> ‘எல்லையிலாக் குடி’?

அழகான சொல் அக்கா. ஆனால் எல்லை உண்டு. சான் டியேகோ வட்டாரத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட சூப்பர்காலனிகள் இருக்கின்றன. அவை உரசும் இடங்களில் மாதக்கணக்கில் போர் நடக்கிறது, லட்சக்கணக்கில் சாகின்றன.

‘அயல்’, ‘வந்தேறி’ என்று தொடங்கும் சொற்களும் வேண்டாம். நசுக்கினால் அழுகிய தேங்காய் வாடை வீசும் வட அமெரிக்க வீட்டெறும்பு அந்த மண்ணுக்கே உரியது. காட்டில் ஒரே அரசியுடன் ஒரு கொட்டைக்குள் அடங்கிவிடும் சிறு குடி அது. அதே இனம் இந்தியானா மாநில நகரங்களில் ஆயிரக்கணக்கான அரசிகளுடன் தெருத்தெருவாகப் பரவிக் கிடக்கிறது. வெளியிலிருந்து வராமலே ஊடுருவும் இனம்போல நடந்துகொள்கிறது.

அதனால்தான் ‘ஒருங்குடி’ என்கிறேன். ஒருங்கு + குடி, ‘ஒருங்குறி’ (யூனிகோடு) பிறந்த அதே வழி. பண்புப் பெயர் வேண்டுமென்றால் ‘ஒருங்குடித்தன்மை’. ‘காலனி’யை அப்படியே வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை, நம் ஊரில் அந்தச் சொல்லின் மேல் ஏறியிருக்கும் சாதிச் சுமை போதும்.

அப்புறம், ஒரே குடி பல கூடுகளில் பிரிந்து வாழ்வதற்கும் தனிச்சொல் தேவை. ‘பல்புற்றுக் குடி’ என்று குறித்திருக்கிறேன். நடைபாதைக் கல்லுக்கடியிலும் பூந்தொட்டியிலும் வாழும் எறும்புக்குப் ‘புற்று’ ஒட்டவில்லை. ‘பன்மனைக் குடி’ சரிவருமா?