குறைந்த செலவில் ‘டீடெயில்’ வேண்டும்: முள்ளை மட்டும் மாற்றவா, கார்ட்ரிட்ஜையே மாற்றவா?

நடுநிசி_எல்பி:
செகண்ட் ஹேண்டில் ஆடியோ-டெக்னிக்கா எல்பி120எக்ஸ் டர்ன்டேபிள் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. அதோடு வந்த விஎம்95இ கார்ட்ரிட்ஜ்தான் (முள்ளைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) இன்னும் ஓடுகிறது. போடுவது பெரும்பாலும் அப்பா சேர்த்து வைத்த ஹெச்எம்வி, எக்கோ தட்டுகள். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் பாட்டு அருமை. கடைசிப் பாட்டு வந்தால் ‘ச’, ‘ஸ’ எல்லாம் அப்பளம் நொறுங்குகிற மாதிரி, வயலின்கள் ஒரே கூழ். நண்பர் வீட்டில் ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் கேட்டேன், தெளிவாக இருந்தது போலப் பட்டது. வாங்கலாமா? கையைக் கடிக்காத விலையில் சொல்லுங்கள்.

சிவப்புக்கட்சி:
கண்ணை மூடிக்கொண்டு ரெட் வாங்குங்க ப்ரோ. ஆறு வருஷமா வெச்சிருக்கேன், குரல் முன்னாடி வந்து நிக்கும். பின்னாடி காசு சேர்ந்தா அதே உடம்புல 2எம் ப்ளூ முள்ளை மாட்டிக்கலாம்.

ஊசிமுனை:
ரெட் வேண்டாம். அதுவும் உலோகத் தண்டில் வைர நுனியை ஒட்டிய நீள்வட்ட முள், உங்களிடம் இருப்பதும் அதே இனம்தான். நண்பர் வீட்டில் தெளிவாகக் கேட்டதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். ரெட் தருவது 5.5 மில்லிவோல்ட், விஎம்95இ 4. கிட்டத்தட்ட 3 டெசிபல் வித்தியாசம். வால்யூமைச் சமப்படுத்தாமல் கேட்டால் சத்தம் கூடிய பக்கம்தான் ‘டீடெயில்’ இருப்பதாகக் காது சொல்லும்.

விஎம்95 வரிசை முழுக்க உடல் ஒன்றுதான். இப்போதிருக்கும் பச்சை முள்ளைப் பிடித்து இழுத்துவிட்டு எம்எல்லின் (மைக்ரோலீனியர், இன்னும் நுண்ணிய முனை) சிவப்பு முள்ளை (ரெட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்) அதே இடத்தில் செருகினால் முடிந்தது. ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.

வால்வு_வாத்தியார்:
ஊசிமுனை தம்பிக்கு எந்த நோய்க்கும் ஒரே மருந்து. அந்த எம்எல் முள், இருக்கிற முள்ளைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. நோய் என்னவென்று பார்த்தாயா? செகண்ட் ஹேண்ட் டர்ன்டேபிள். முந்தையவர் முள் தட்டை அழுத்தும் எடையை எவ்வளவு வைத்தார், கார்ட்ரிட்ஜ் நேராக நிற்கிறதா, ஒன்றும் தெரியாது. இன்னொன்று, கேபிளும் ஆம்பும் சேர்ந்து தரும் கெபாசிட்டன்ஸ் (மின்தேக்குத்திறன்) அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 100 முதல் 200 பிக்கோஃபாரட் வரைதான் இருக்க வேண்டும். சில பழைய ஆம்ப்களில் போனோ இன்புட்டே (டர்ன்டேபிளைச் செருகும் இடம்) 200-ஐத் தாண்டும், கேபிள் வேறு. மொத்தம் 400 போனால், கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் 550 மில்லிஹென்ரி சுருளோடு சேர்ந்து 11 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி அளவில் ஒரு மேடு எழும்பும். ‘ஸ’ குத்தத்தான் செய்யும்.

ஊசிமுனை:
சார், கணக்கு சரி. ஆனால் முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் கேபிள் ஒன்றுதானே? கேபிள் குற்றம் என்றால் முதல் பாட்டிலும் குத்த வேண்டும்.

தட்டின் வெளிவிளிம்பில் முள்ளுக்கு அடியில் பள்ளம் நொடிக்கு 50 செ.மீ. ஓடுகிறது, லேபிள் அருகே சுமார் 21 செ.மீ. அங்கே 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை 21 மைக்ரானுக்குள் நெருங்கிக் கிடக்கும். நீள்வட்ட முள்ளின் பக்க ஆரம் 0.3 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது ஏழரை மைக்ரான் போல. எம்எல்லுக்கு 0.12 மில், 3 மைக்ரான். தடித்த விரலால் சட்டைப்பை மூலையில் கிடக்கும் கடுகை எடுக்க முடியுமா?

வால்வு_வாத்தியார்:
கேபிள் விஷயத்தில் நீ சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடை குறைந்தாலும் முதலில் சிதறுவது உள்வட்டம்தான். தம்பி நடுநிசி, சின்ன டிஜிட்டல் எடைக்கருவி ஒன்று வாங்கு. 1.8 முதல் 2.2 கிராமுக்குள் இருக்க வேண்டும், 2 வை. கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கும் அலைன்மென்ட் தாளை அச்சடித்து, ஸ்பிண்டில் (தட்டின் ஓட்டையில் நுழையும் அச்சு) நடுவிலிருந்து 66 மி.மீ., 121 மி.மீ. இரண்டு இடத்திலும் கார்ட்ரிட்ஜின் பக்கம் கோட்டோடு ஒட்டி நிற்கிறதா பார். அச்சடிக்கும்போது ‘பக்கத்துக்கு ஏற்றபடி சுருக்கு’ என்பதை எடுத்துவிடு. நான் அதை மறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன்.

பழைய_தட்டு:
எல்லாரும் முள்ளைப் பற்றியே பேசுகிறீர்கள். அப்பா காலத்துத் தட்டு என்றால் கனமான கிறிஸ்டல் பிக்கப் (பழைய ப்ளேயர்களின் முள்தலை) போட்டு உழுத பள்ளமாக இருக்கும். உழுததை எந்த முள்ளும் திருப்பித் தராது. எம்எல் போட்டால் கீறலும் தூசியும்தான் இன்னும் ‘டீடெயிலாக’ வரும்.

ஊசிமுனை:
பாதிதான் உண்மை. பழைய உருண்டை முள் தேய்த்த உயரம் வேறு, எம்எல் தொடும் உயரம் வேறு. தேயாத சுவர் மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் படிக்கும். என்னிடம் அப்படிப் பிழைத்த தட்டுகள் உண்டு, பிழைக்காதவையும் உண்டு.

யாரும் கேட்காத கேள்வி: அந்தப் பச்சை முள் எத்தனை மணி நேரம் ஓடியது? நீள்வட்டத்துக்கு 300 மணி, மைக்ரோலீனியருக்கு 1000 என்பது ஆடியோ-டெக்னிக்காவே சொல்லும் கணக்கு. ஒரு எல்பி 40 நிமிடம் என்றால் 450 தட்டில் 300 மணி முடிந்துவிடும். எப்படியும் புது முள் வாங்கப்போகிறார். விலையை மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள் சார், எம்எல் மலிவு.

சிவப்புக்கட்சி:
அப்போ ப்ளூ?

ஊசிமுனை:
நல்ல முள்தான், ஒட்டாத முழு வைரம். ஆனால் பெரும்பாலான கடைகளில் எம்எல்லை விட விலை கூடுதல். அதுவும் நீள்வட்டமே.

நடுநிசி_எல்பி:
எடைக்கருவி வந்தது. டோன்ஆர்மின் எடை டயல் 2 என்று காட்டுகிறது, கருவியில் 1.4 கிராம்தான்! விற்றவர் பூஜ்யத்தைச் சரியாக வைக்காமலே டயலைத் திருப்பியிருக்கிறார். 2-க்கு ஏற்றினேன், அலைன்மென்ட்டும் கொஞ்சம் கோணல், திருத்தினேன். டிஸ்டில்ட் வாட்டரில் துளி பாத்திர லிக்விட் விட்டு மூன்று தட்டு கழுவினேன். இரண்டில் அப்பளம் போய்விட்டது. மூன்றாவதில் கடைசிப் பாட்டில் இன்னும் லேசாக இருக்கிறது.

வால்வு_வாத்தியார்:
பார்த்தாயா!

ஊசிமுனை:
அந்த மூன்றாவது தட்டைத் தனியாக எடுத்து வையுங்கள்.

நடுநிசி_எல்பி:
வைத்துவிட்டேன். எம்எல் முள் மட்டும் ஆர்டர் சொல்லியிருக்கிறேன், பத்து நாள் ஆகும் என்கிறார்கள். அதுவரை பச்சை முள்ளில் அப்பா தட்டு எதையும் போடுவதாக இல்லை. வாத்தியார் சார், அந்த ஆம்ப் இன்புட்டில் எத்தனை பிக்கோஃபாரட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?