புதுப்பிப்பு: ஹீட்டர் வால்வு ஒருவழியாக அசைந்தது

பழைய காரில் என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, அது தீர்ந்தது. ஹீட்டருக்குள் சூடான கூலன்ட்டை (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) விடுவதும் நிறுத்துவதும் இந்த வால்வுதான். வால்வுக்கு முன்னால் ஹோஸில் கை வைக்க முடியாத சூடு, வால்வைத் தாண்டினால் ஜில்லென்று இருந்தது. டாஷ்போர்டு லீவரை வால்வோடு இணைக்கும் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். டாஷ்போர்டு லீவர் தாராளமாக நகர்ந்தது, வால்வின் கை மட்டும் இம்மியும் அசையவில்லை.

என்ஜின் ஆறிய பிறகு, வால்வைத் திருப்பும் தண்டைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்த கூலன்ட் படிவைப் பழைய டூத்பிரஷால் தேய்த்து எடுத்தேன். அப்புறம் துரு இளக்கும் எண்ணெய் கொஞ்சம். அது ரப்பர் ஹோஸில் படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள், பட்டால் ரப்பர் உப்பிவிடும். ஊறவிட்டு, இடுக்கியால் ஒரு மயிரிழை இந்தப் பக்கம், ஒரு மயிரிழை அந்தப் பக்கம். பலத்தைக் காட்டினால் தண்டு முறியும். பிளாஸ்டிக் வால்வு என்றால் சொல்லவே வேண்டாம். 'கறக்' என்று ஒரு சத்தம், பிறகு வழிக்கு வந்தது.

சூடு இப்போது நன்றாக வருகிறது. ஆனால் தண்டின் ஓரத்தில் லேசாக ஈரம் கசிகிறது. உள்ளே சீல் தேய்ந்திருக்க வேண்டும். புது வால்வு கிடைக்கும்வரை கூலன்ட் அளவைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறேன்.