பூத்துவிட்ட சேனைக்கிழங்கை என்ன செய்வது?

குழுவினருக்கு வணக்கம். நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக் கொல்லையில், சென்ற ஆண்டு தோண்டாமல் விட்ட பெரிய சேனைக்கிழங்கு ஒன்று, கோடை மழைக்குப் பின் இலைக்கு முன்னதாகவே பூ விட்டிருக்கிறது. கருஞ்சிவப்பு மடலும், நடுவில் மூளைபோல் மடிப்பு மடிப்பாக எழும்பிய குமிழும் பார்க்க அத்தனை அழகு; ஆனால் மலர்ந்த மாலை முதல் அழுகிய இறைச்சியின் வீச்சம். மகரந்தச் சேர்க்கைக்கு வண்டுகளை வரவழைக்கவே இந்த நாற்றம் என்பது தெரியும். அண்டை வீட்டாருக்குத்தான் அதை விளக்க முடியவில்லை.

பூவை இப்போதே அறுத்துவிட்டால் கிழங்கின் சத்து வீணாகாமல் இலைத்தண்டு எழும்புமா, அல்லது காய் பிடிக்க விட்டு விதையிலிருந்து கன்று எடுத்துப் பார்க்கலாமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். பூத்த கிழங்கைச் சமைத்தவர்கள் எவரேனும் இருந்தால், சுவையும் காறலும் எப்படி இருந்தன என்றும் எழுதுங்கள்.

புளித்தண்ணீரில் வேகவைத்தும் எங்கள் நாட்டுச் சேனை நாக்கை அரிக்கிறது. மூலத்துக்கு நல்லதென்று அப்பா விடாமல் கேட்பதால், அரிப்புக்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் படிகங்களின் தொல்லை குறைந்த கஜேந்திரா ரகத்துக்கு மாற நினைக்கிறேன். அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரையான, முளைக்கண் சேதமாகாத விதைக்கிழங்கு குமரி மாவட்டத்தில் எங்கே கிடைக்கும்? திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தில் நேரில் வாங்கியவர்கள் அங்குள்ள நடைமுறையைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.